400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பின்னாலேயே போய்க் கடைசியில் முந்துவது தந்திரமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். வீடு தண்டையார்பேட்டை. மகளுக்கு 13 வயது, பழகுவது 25 மீட்டர் குளத்தில். 50 மீட்டர் என்றால் அங்கே அவளை அடிக்க ஆள் கிடையாது, 33 வினாடி. ஆனால் வேளச்சேரியின் 50 மீட்டர் குளத்துக்குப் போய் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறங்கினால் பாதி தூரம் முதலில் இருக்கிறாள், அப்புறம் மூன்று பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோச் 'ஸ்டாமினா பத்தாது' என்கிறார். நீங்கள் டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் 400 மீட்டர் ஃபைனலைப் போனில் பார்த்திருக்கிறீர்கள். அதில் ஆஸ்திரேலியப் பெண் பின்னாலேயே போய்க் கடைசியில் முந்துகிறாள். 'என் பொண்ணையும் அப்படிப் பின்னால போகச் சொல்லலாமா?' என்பது கேள்வி.

பின்னால் இருப்பது ஒரு தந்திரமா, அதைச் சொல்லிக்கொடுத்தால் வருமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். என் பதில்: அது தந்திரம் இல்லை. அந்தப் பெண் பின்னால் இருக்க முயற்சி செய்யவும் இல்லை. உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்று இருக்கிறது, ஆனால் அது வேறு. இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், நீங்கள் கேலரியில் உட்கார்ந்து ஒவ்வொரு 50 மீட்டருக்கும் போனில் அமுக்கி எடுத்த அந்த எட்டு எண்கள். பெரும்பாலான பெற்றோர் மெடல் போட்டோதான் போடுவார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். ராயபுரத்தில் வளர்ந்தவள். நீச்சல் கற்றது காசிமேட்டுக் கடலில், அண்ணன்மாரோடு. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் குளம் கட்டினார்கள். முதல் தடவை உள்ளே போனபோது தண்ணீருக்கு அடியில் கறுப்புக் கோடு தெரிவதையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நீந்திப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. பிறகு 20 வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், போட்டிகளில் ஸ்டாப்வாட்ச் பிடித்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, உங்கள் மகளைப் பார்த்ததும் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் டோக்கியோ. 2021 ஜூலை 26, அங்கே காலை நேரம். பக்கத்துப் பக்கத்து லேனில் அமெரிக்காவின் கேட்டி லெடெக்கியும் ஆஸ்திரேலியாவின் அரியார்ன் டிட்மஸும். ஒலிம்பிக் தனிநபர் போட்டி எதிலும் அதுவரை தோற்காதவர் லெடெக்கி. 200 மீட்டரில் அரை வினாடிக்கு மேல் முன்னால் இருந்தார். கடைசி 100 மீட்டரில் டிட்மஸ் தாண்டினார். முடிவு: டிட்மஸ் 3:56.69, லெடெக்கி 3:57.36, மூன்றாவது சீனாவின் லி பிங்ஜியே 4:01.08. டிட்மஸின் கோச் டீன் பாக்ஸால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமி வந்தவர் மாதிரி ஆடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்போது கணக்கு. 3:56.69-ஐ எட்டால் வகுத்தால் 50 மீட்டருக்குச் சராசரி 29.59 வினாடி. லெடெக்கிக்கு 29.67. ஒரு 50-க்கு வித்தியாசம் 0.08 வினாடி, கண் இமைக்கும் நேரத்தை விடக் குறைவு. டிவியில் பார்க்கும்போது ஒருத்தி துரத்துவது போலவும் இன்னொருத்தி தப்பி ஓடுவது போலவும் தெரிகிறது. தண்ணீரில் நடந்தது அதுவல்ல. இருவரும் ஒரே மாதிரி வேகத்தில்தான் போனார்கள். லெடெக்கி முதல் பாதியில் கொஞ்சம் அதிகமாகச் செலவழித்தார், டிட்மஸ் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார். 400 மீட்டரில் கடைசியில் 'வேகம் எடுக்கிறார்கள்' என்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் பக்கத்து லேன்காரர் வேகம் குறைவதுதான்.

பின்னால் இருந்ததால் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது என்பதற்கு டிட்மஸே சாட்சி. மூன்று வருடம் கழித்து பாரிஸில், 2024 ஜூலை 27, அதே 400 மீட்டர். இந்தத் தடவை கனடாவின் சம்மர் மெக்கின்டாஷும் சேர்ந்துகொண்டார். டிட்மஸ் முதலிலிருந்து கடைசி வரை முன்னாலேயே போய் 3:57.49-ல் தங்கம் எடுத்தார். மெக்கின்டாஷ் 3:58.37, லெடெக்கி 4:00.86. பெண்கள் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்தவர் அவருக்கு முன் ஒரே ஒருவர்தான், 1924, 1928-ல் மார்த்தா நோரேலியஸ். ஆக ஒரே பெண் ஒரு தங்கத்தைப் பின்னால் இருந்தும் இன்னொன்றை முன்னால் இருந்தும் எடுத்திருக்கிறார். இரண்டு தடவையும் மாறாமல் இருந்தது அவருடைய சொந்த வேகம். பக்கத்தில் இருப்பவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதுதான் மாறியது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016 ரியோவில் லெடெக்கி முன்னாலேயே போய் 3:56.46 நீந்தினார். இரண்டாவது வந்த பிரிட்டனின் ஜாஸ் கார்லின் 4:01.23. கிட்டத்தட்ட ஐந்து வினாடி இடைவெளி. அந்த நேரம் டோக்கியோவில் தங்கம் வாங்கிய நேரத்தை விட வேகமானது. ஆக 'முன்னால் போனால் தோற்பாய்' என்று எந்த விதியும் கிடையாது. உலக சாதனையும் அன்றிலிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது. 2023-ல் ஃபுகுவோகாவில் டிட்மஸ் 3:55.38, 2025 ஜூனில் மெக்கின்டாஷ் 3:54.18. அத்தனை பேரிடமும் நான் பார்ப்பது ஒன்றுதான். டைவோடு சேர்ந்து முதல் 50-ஐ 27, 28 வினாடியில் முடிக்கிறார்கள், பிறகு 29, 30 என்று ஓர் இடத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். முதல் 50-க்கும் மற்றவற்றுக்கும் உள்ள இரண்டு வினாடி வித்தியாசத்தில் பெரும்பகுதி டைவ் தரும் லாபம்தான்.

இனி உங்கள் மகளின் எண்கள். 34, 38, 41, 43, 45, 46, 46, 45. கூட்டினால் 5:38. முதல் பாதி 2:36, இரண்டாம் பாதி 3:02. கேலரியிலிருந்து போனில் எடுத்தால் அரை வினாடி முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. இங்கே இருக்கும் வித்தியாசம் அரை வினாடிக் கணக்கு இல்லை.

நீங்களும் கோச்சும் '200-க்கு அப்புறம் விழுந்துவிடுகிறாள்' என்கிறீர்கள். எண்களைத் திரும்பப் பாருங்கள். 200-க்கு அப்புறம் அவள் விழவே இல்லை. 45, 46, 46, 45: அங்கே கோடு போட்ட மாதிரிப் போயிருக்கிறாள், கடைசியில் ஒரு வினாடி மீட்டும் இருக்கிறாள். விழுந்தது அதற்கு முன்னால். 34-லிருந்து 38, 41, 43. இரண்டாவது 50-லேயே சரிவு தொடங்கிவிட்டது. அப்போது முன்னால் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. 25 மீட்டர் குளத்தில் அவளுடைய சிறந்த நேரம் 33. 50 மீட்டர் குளத்தில் நடுவில் தள்ளிக்கொள்ளச் சுவர் கிடையாது, அங்கே அதே முயற்சிக்கு 34 ஆவது சகஜம். ஆக 400 மீட்டர் ரேஸின் முதல் 50-ஐ அவள் முழு மூச்சில் அடித்திருக்கிறாள். சம்பளம் வந்த அன்றே பாதியைச் செலவழித்துவிட்டு மாதக் கடைசி வரை கடனில் ஓட்டுவது மாதிரி. அப்படி உடம்பு வற்றிய நிலையில் நான்கு 50-களை ஒரே சீராக இழுத்த பிள்ளைக்கு ஸ்டாமினா இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

இதற்குக் காரணம் தண்ணீரிலேயே இருக்கிறது, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தண்ணீரில் வேகம் கூடக் கூட அதன் எதிர்ப்பு அதை விட வேகமாகக் கூடும். தோராயமாக, வேகத்தை 5 சதவீதம் கூட்ட 15 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். உங்கள் மகளின் முதல் 50-ல் டைவ் லாபத்துக்கு இரண்டு வினாடி கூட்டி 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய சராசரியான 42-ஓடு ஒப்பிட்டால் அந்த நேரத்தில் அவள் உடம்பு கொடுத்த சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேல். அதை மூச்சு மூலம் வரும் ஆக்சிஜன் தாங்காது. மீதியைத் தசை ஆக்சிஜன் இல்லாமல் எரித்து ஈடுகட்டும், அதற்கான விலை கை கனத்துப் போவது. போட்டில் மோட்டாரை முழுசாகத் திருகிக் கரையை விட்டுக் கிளம்பினால் மீன் இருக்கும் இடம் போவதற்குள் டீசல் பாதியாகிவிடும் என்பது காசிமேட்டில் பத்து வயசுப் பையனுக்குத் தெரியும். பெரிய தசைகள் இருப்பது தொடையில், அதனால் கிக்கை ஆரம்பத்திலேயே அடித்து நொறுக்கும் பிள்ளைகள்தான் முதலில் காலியாகிறார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? 'பின்னால போ' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 13 வயசுப் பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் பக்கத்து லேனைப் பார்த்து நீந்துவாள். பக்கத்து லேன்காரி மெதுவாகப் போனால் இவளும் மெதுவாகப் போவாள், அவள் தப்பாக வேகம் எடுத்தால் இவளும் எடுப்பாள். அவளுக்குத் தெரிய வேண்டியது தன் உடம்புக்குள் ஓடும் கடிகாரம். இதைப் பழக்க முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள், 11 வயது, அப்பா போட்டில் போகிறவர். உங்கள் மகள் மாதிரியேதான், விசில் ஊதினால் புயல், நான்காவது லேப்பில் புகை. அவளுக்கு ஒரு விளையாட்டு வைத்தேன். 50 மீட்டர் நீந்திச் சுவரைத் தொட்டதும் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, எத்தனை வினாடி ஆனது என்று முதலில் அவள் சொல்ல வேண்டும், பிறகு நான் ஸ்டாப்வாட்ச்சைக் காட்டுவேன். முதல் நாள் 'நாப்பது' என்றாள், கடிகாரத்தில் 46. பாதி நாள் அழுகை. மூன்று மாதம் போயிருக்கும், ஒரு சாயங்காலம் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, "நாப்பத்திரண்டு... இல்ல மிஸ், டர்ன்ல கால் வழுக்கிச்சு, நாப்பத்திமூணு வெச்சுக்கோ" என்றாள். என் கையில் 42.8. அன்றைக்கு அவளை எனக்கு முன்னால் நிறுத்திக் கைகொடுத்தேன். அவள் 400 மீட்டர் நேரம் அந்த சீசனில் 20 வினாடிக்கு மேல் இறங்கியது. அதில் எவ்வளவு இந்த விளையாட்டால், எவ்வளவு அவள் வளர்ந்ததால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அந்த வயதில் பிள்ளைகள் சும்மா இருந்தாலே நாலு விரல் உயர்ந்துவிடுகிறார்கள்.

உங்கள் மகளுக்கு நான் வைக்கும் இலக்கு 5:30. நான்கு நூறுகளாகப் பிரித்தால் 1:20, 1:23, 1:23, 1:24. அதாவது முதல் 50 கிட்டத்தட்ட 39, இப்போது போவதை விட ஐந்து வினாடி மெதுவாக. டைவ் அடித்து எழுந்ததும் 'ஐயோ, ரொம்ப மெதுவாப் போறோமே' என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் வேகமாகப் போகிறாள் என்று அர்த்தம். பயிற்சியில் வாரம் இரண்டு நாள், எட்டு 50 மீட்டர், ஒவ்வொன்றும் 41, 42 வினாடியில், நடுவில் 15 வினாடி ஓய்வு. முதலாவதும் எட்டாவதும் ஒரே நேரமாக இருந்தால்தான் அந்த செட் கணக்கில் சேரும். இது பழகியதும் நான்கு 100 மீட்டர், 20 வினாடி ஓய்வோடு. குளத்தில் சுவர்க்கடிகாரம் இல்லை என்றால் பாரிமுனையில் பெரிய வினாடி முள் உள்ள ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கரையில் சாய்த்து வையுங்கள். நான் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

கை எண்ணிக்கையையும் எண்ணச் சொல்லுங்கள். 25 மீட்டருக்கு ஆரம்பத்தில் எத்தனை கை, கடைசியில் எத்தனை கை? 22-ல் தொடங்கி 27-ல் முடிந்தால் கை தண்ணீரைப் பிடிக்காமல் நழுவுகிறது என்று பொருள். மாமாவிடம் கடலில் கற்றுக்கொண்டவள் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் அதன் அடையாளம் ஒன்று இருக்கும்: அலை பார்த்து மூச்செடுத்துப் பழகியதால் தலையை முன்னால் தூக்குவார்கள். தலை ஏறினால் இடுப்பும் காலும் இறங்கும். 50 மீட்டரில் அது தெரியாது, 400-ல் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு காசு போய்க்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் ஒரு போன் வீடியோ எடுத்தாலே தெரிந்துவிடும். ஆனால் ஸ்டாமினாவுக்காக மறுபடியும் அவளைக் கடலுக்கு அனுப்ப வேண்டாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்கள், அவற்றை ஒட்டி உள்ளே இழுக்கும் நீரோட்டம். கடலில் பிறந்தவர்களே அங்கே மாட்டியிருக்கிறார்கள்.

25 மீட்டர் குளத்தில் பழகி 50 மீட்டரில் போட்டி போடுவதில் இன்னொரு சிக்கல். 25 மீட்டர் குளத்தில் 400-க்கு 15 டர்ன், வேளச்சேரியில் ஏழு. ஒவ்வொரு சுவரும் ஒரு தள்ளும் ஒரு வினாடி ஓய்வும் தருகிறது. அதில் பாதிக்கு மேல் போய்விட்டால் கை தொடர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கும். மாதம் இரண்டு ஞாயிறாவது வேளச்சேரியில் நீந்த வழி பாருங்கள். பீச் ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயில் இருக்கிறது, காலைத் தூக்கத்தை ரயிலில் தூங்கிக்கொள்ளலாம். டிட்மஸ் பிறந்தது டாஸ்மேனியாவில், அவருக்காகக் குடும்பமே ஊரை விட்டுக் குவீன்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. உங்களை வீடு மாறச் சொல்லவில்லை, வேளச்சேரி அவ்வளவு தூரம் இல்லை என்கிறேன்.

இதுவரை சொன்னவற்றில் முதல் 50 அளவுக்கு மீறிய வேகம் என்பது உறுதி. இனிச் சொல்வது அப்படி இல்லை. பின்னால் இருப்பவருக்கு மனதளவில் லாபம் உண்டா? முன்னால் போகிறவரைப் பார்த்துக்கொண்டு போவது சில பிள்ளைகளுக்கு இழுவிசை மாதிரி, சிலருக்கு அதுவே சோர்வு. லேன் கயிற்றை ஒட்டி, பக்கத்து லேனில் முன்னால் போகிறவரின் இடுப்புப் பக்கம் நீந்தினால் தண்ணீர் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று கோச்சுகள் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் 13 வயதில் அதை நம்பித் திட்டம் போட மாட்டேன். அவள் உண்மையில் 400-க்கான ஆளா, இல்லை 50, 100-க்கான ஆளா என்பதும் இப்போது தெரியாது. முதல் 50-ஐ அடக்கிப் போகப் பழகிய பிறகு நான்கைந்து ரேஸ் பார்த்தால்தான் பேச முடியும்.

ஒன்று மட்டும் டாக்டரிடம். சீராகப் போகப் பழகிய பிறகும் மூச்சு வாங்குவது, மாடி ஏறினாலே களைப்பு, வெளிறிய முகம் என்று இருந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. மாதவிடாய் தொடங்கும் வயதில் நீச்சல் பிள்ளைகளிடம் இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன், 'சோம்பேறி' என்று திட்டு வாங்கியவர்கள் உட்பட. ஒருமுறை அப்படித் திட்டியது நானேதான்.

கோச்சிடம் இந்தப் பதிலைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். அவர் 30 பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்க்கிறவராக இருப்பார், ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டு ஸ்ப்ளிட் (50 மீட்டருக்கு ஒரு நேரம்) எடுக்க அவருக்குக் கை இருக்காது. அந்த எட்டு எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், நல்ல கோச்சுக்கு அதுவே போதும். அடுத்த போட்டியிலும் அதே இடத்தில் உட்கார்ந்து, அவள் சுவரைத் தொடும்போது அமுக்குங்கள், திரும்பித் தள்ளும்போது வேண்டாம். முடிந்ததும் எண்களை இங்கேயே போடுங்கள். மொத்த நேரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நான் முதலில் தேடப்போவது இரண்டாவது எண்ணை.